நாலே நொடி ஓடிய கம்ப்யூட்டர்

போன மாதம் எனக்குப் பொன்னாடை போர்த்தி, மாலை போட்டு, ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசி வீட்டுக்கு அனுப்பி வைத்தீர்கள். பேசியவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினீர்கள். "அண்ணன் கைராசிக்காரர். அண்ணன் கை வச்ச மெஷின் திரும்பி வந்ததே கிடையாது." நானும் மாலைக்குள்ளே கழுத்தைச் சொரிந்துகொண்டு, ரொம்ப அடக்கமான ஆள் மாதிரி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். மறுத்துப் பேசவில்லை. மறுக்க ஆரம்பித்தால் கதை முழுவதையும் சொல்ல வேண்டியிருக்கும், கேசரி ஆறிப் போயிருக்கும்.

கடையில் என்னோடு வேலை பார்த்த துளசிராம் மட்டும் பேச எழுந்திருக்கவில்லை. "எனக்கு மேடையில பேச வராது" என்று சொல்லிவிட்டார். அவருக்கு நன்றாகவே பேச வரும். வீட்டில் சௌராஷ்டிரம், கடையில் தமிழ், கம்பெனிக்காரனோடு இங்கிலீஷ் என்று மூன்றிலும் வெளுத்து வாங்குவார். அன்றைக்கு அவர் பேசாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்குத் தெரியாது. அதைத்தான் இப்போது எழுதித் தருகிறேன். எந்த ஒயரை எதில் செருக வேண்டும் என்பதற்கெல்லாம் உங்கள் செல்போனிலேயே வீடியோ கொட்டிக் கிடக்கிறது. நான் சொல்லப் போவது எந்த வீடியோவிலும் இல்லை. இருந்தால் எனக்கு மானம் போயிருக்கும்.

முதலில் என் யோக்கியதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு தடவை நாகமலை புதுக்கோட்டையில் ஒரு பேராசிரியர் வீட்டில், புது கம்ப்யூட்டரில் படமே வரவில்லை என்று கூப்பிட்டார்கள். போனேன். மூடியைக் கழற்றினேன். மெமரியைப் பிடுங்கினேன், துடைத்தேன், மாட்டினேன். அரை மணி நேரம் வியர்க்க வியர்க்க வேலை பார்த்தேன். காப்பி கொண்டுவந்த பேராசிரியரின் மனைவி, தம்ளரை வைத்துவிட்டு, மானிட்டருக்குக் கீழே இருந்த சின்ன பொத்தானை ஒரு விரலால் அமுக்கினார். படம் வந்துவிட்டது. "நீங்க முன்னாடியே போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார். பேராசிரியர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். பேப்பர் குலுங்கியது.

இப்படி ஒருமுறை பட்டவன் திருந்தியிருக்க வேண்டுமல்லவா? நான் திருந்தவில்லை. அதற்குக் காரணம் அந்தச் சந்தனம்.

நம் கடையில் ஒரு வழக்கம் இருந்தது உங்களுக்குத் தெரியும். புது மெஷின் கடையை விட்டுப் போகும்போது ஒரு சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்து அனுப்புவோம். அதை ஆரம்பித்தவன் நான்தான். புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைக்காமல் நம் ஊரில் யார் கிளப்புகிறார்கள்? கம்ப்யூட்டருக்குச் சக்கரம் இல்லை. அதனால் சந்தனம். ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் பன்னீர் விட்டுக் குழைத்து, கட்டை விரலால் வைப்பேன். எங்கே வைப்பேன் என்பதுதான் விசேஷம். மற்றவர்கள் பெட்டியின் நெற்றியில் எங்காவது ஒட்டிவிடுவார்கள். நான் பவர் பட்டன் மேலேயே வைப்பேன். வாங்குகிறவர் முதன்முதலாகக் கை வைக்கப் போகிற இடம் அதுதானே, அங்கே மங்கலமாக இருக்கட்டும் என்று ஒரு விளக்கமும் கொடுப்பேன். கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கொஞ்ச நாளில் "அண்ணன் கையால பொட்டு வச்சுக் குடுங்க" என்று கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறுவதற்கு இவ்வளவு போதாதா?

அப்போது மெஷினை ஒன்று சேர்ப்பது துளசிராம், கொண்டுபோய் மாட்டிக் கொடுப்பது நான். துளசிராம் வேலையில் நிதானமான ஆள். எனக்கு ஒரு மணி நேரம் ஆகிற வேலைக்கு அவர் இரண்டு மணி நேரம் எடுப்பார். பெட்டிக்குள்ளே மதர்போர்டு தகரத்தில் படாமல் இருப்பதற்குச் சின்னச் சின்னப் பித்தளைக் கால்கள் முடுக்குகிறோமே, அவற்றை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணி, போர்டில் இருக்கிற ஓட்டைகளோடு சரிபார்த்துவிட்டுத்தான் போர்டை இறக்குவார். ஒரு கால் தப்பான இடத்தில் நின்றாலும் போர்டின் முதுகில் இடித்து ஷார்ட் ஆகிவிடும் என்பது உங்களுக்கே தெரியும். "எத்தனை தடவைதான் எண்ணுவ துளசி?" என்று கிண்டல் செய்வேன். "ஒரு தடவைதான்ணே. ஆனா ஒழுங்கா" என்பார்.

அந்தச் சமயத்தில் திருவாதவூரிலிருந்து காளீஸ்வரி என்று ஒரு பெண் வந்தாள். கட்டடப் படம் வரைகிற டிப்ளமா படித்தவள். கைக்குழந்தை இருந்ததால் பக்கத்து ஊரான ஒத்தக்கடையில் பார்த்த வேலையை விட்டிருந்தாள். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி, வீட்டிலிருந்தே படம் வரைந்து கொடுக்கும் வேலைக்கு ஆள் எடுத்தது. சொந்த கம்ப்யூட்டர் வேண்டும், அதில்தான் தேர்வும் வரைய வேண்டும். புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குத் தேர்வு.

"நேரத்துக்கு உள்ள வல்லைன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவாங்களாம்ணே. வரிசையில இன்னும் நாலு பேரு நிக்கிறாங்களாம்" என்றாள்.

கோயம்புத்தூர்க் கம்பெனி பஞ்சாங்கம் பார்ப்பதில்லை போலிருக்கிறது. புதன்கிழமை பன்னிரண்டு மணிக்குத்தான் ராகு காலம் பிறக்கிறது. அதனால் அதற்கு முன்பே, ஒன்பதே காலுக்கு மேல் பத்தே காலுக்குள் நல்ல நேரத்தில் கம்ப்யூட்டரை ஓட்டிவிட வேண்டும் என்பது அவள் மாமியாரின் உத்தரவு.

"நல்ல நேரத்துல ஓட்டிக் குடுக்கறது என் பொறுப்பு. பத்தரைக்கு நான் ஒத்தக்கடையில டீ குடிச்சுக்கிட்டு இருப்பேன்" என்றேன். இப்படிப் பேசுகிறவனிடம் எதையும் ஒப்படைக்காதீர்கள்.

புதன்கிழமை காலையில் மெஷின் தயாராக இருந்தது. துளசிராம் முதல் நாளே எல்லாவற்றையும் ஏற்றி, நாலைந்து மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்திருந்தார். அந்தப் பெட்டிக்குப் பவர் பட்டனும் அதன் பக்கத்தில் ரீசெட் பட்டனும் மேல் பக்கத்தில், வானத்தைப் பார்த்தபடி இருந்தன. நான் கிண்ணத்தை எடுத்து, அன்றைக்கு என்னவோ மனசு தாராளமாக இருந்ததால், வழக்கத்தைவிடப் பெரிய பொட்டாக வைத்தேன். நன்றாக ஒட்டட்டும் என்று கட்டை விரலால் அமுக்கியும் விட்டேன். காளீஸ்வரியின் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ கொண்டுவந்திருந்தார். பெட்டியை அட்டைக்குள் வைத்து ஏற்றலாம் என்றார் துளசிராம். அட்டையில் உரசிப் பொட்டு கலைந்துவிடும் என்பதற்காக நான் அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஒத்தக்கடை தாண்டியதும் வெயிலும் காற்றும் முகத்தில் அடித்தன. பொட்டு நன்றாகக் காய்ந்து, பார்ப்பதற்கே லட்சணமாக இருந்தது. அதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

என்னையும் மெஷினையும் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வீட்டுக்காரர் வேறு லோடுக்குப் போய்விட்டார். மாமியார் அங்கம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். நடவு நடக்கிற நேரம், அன்றைக்கு வேலைக்குப் போகாமல் நின்றிருக்கிறார். புது மேசை, புது நாற்காலி. நான் எல்லா ஒயரையும் மாட்டி முடித்ததும் அங்கம்மாள் பெட்டியின் மேல் ஒரு முழம் மல்லிகைப் பூவை வைத்து, சூடம் காட்டினார்.

"நானும் என் மாமியாளும் குனிஞ்ச முதுகு நிமிராம அடுத்தவன் வயல்லதான்ணே நட்டோம். இவ ஒருத்தியாச்சும் நாற்காலியில உக்காந்து வேலை பாக்கட்டும்" என்றார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நல்ல காரியத்துக்கு நம் கை உதவுகிறதே என்று என்னை நானே மனசுக்குள் தட்டிக் கொடுத்துக்கொண்டேன்.

"பூவை எடுக்காம, அப்படியே விரலை விட்டு அமுக்கும்மா" என்றேன். காளீஸ்வரி அமுக்கினாள்.

உள்ளே விசிறி சுற்றியது. பெட்டிக்குள் நீல விளக்கு எரிந்தது. குழந்தை கையைத் தட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. திரையில் வெளிச்சம் வருவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

"இம்புட்டுத்தானா?" என்றார் அங்கம்மாள்.

"கரண்ட்டு ஏறி இறங்குதும்மா" என்று அடித்துச் சொன்னேன். சுவிட்ச் போர்டில் அணைத்துப் போட்டேன். யாரும் பட்டனைத் தொடாமலே மெஷின் தானாகக் கிளம்பியது. நாலு நொடி ஓடியது. நின்றது. மறுபடி அணைத்துப் போட்டேன். மறுபடி நாலு நொடி.

பட்டனைத் தொடாமலே ஏன் கிளம்புகிறது என்று அந்த இடத்தில் நான் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. கண்ணுக்கு நேரே பதில் நின்றது. நான் அதைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டில் கரண்ட்டு எப்படி இருக்கிறது என்று பார்த்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் பிளக்கில் மாட்டினேன். நாலு நொடி. திரும்பி வந்து பக்கத்து மூடியைக் கழற்றினேன். மெமரியை எடுத்து, காளீஸ்வரியின் படம் வரைகிற டப்பாவிலிருந்து ரப்பரை வாங்கித் தேய்த்து மாட்டினேன். நாலு நொடி. பெட்டியை உருட்டிப் புரட்டும்போது பூ விழப் பார்த்தது. "நல்ல நேரத்துல வச்ச பூ, விழாம பிடிச்சுக்கம்மா" என்று அதையும் பத்திரமாக அதே இடத்தில் வைக்கச் சொன்னேன். பத்தே கால் தாண்டி நல்ல நேரமும் போய்விட்டது.

ஒரு வழியாக மூளை கொஞ்சம் வேலை செய்தது. போர்டையே பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, அட்டையின் மேல் வைத்து, பவர் சப்ளையை மாட்டி, பட்டன் ஒயர் வந்து சேர்கிற இரண்டு ஊசிகளையும் ஸ்குரூ டிரைவர் முனையால் ஒரு தொடு தொட்டேன். ஓடியது! நாலு நொடி, பத்து நொடி, ஒரு நிமிஷம். திரையில் படம் வந்தது. காளீஸ்வரி கோயம்புத்தூர்க் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். திறந்தது. மணி பத்தே முக்கால்.

"அண்ணே, இப்படியே விட்டுருங்க" என்றாள். "நான் அட்டையில வச்சே டெஸ்ட்டை எழுதிக்கிறேன். பெட்டியில மாட்டுறதைப் பெறகு பாத்துக்கலாம்."

தம்பிகளே, தங்கச்சிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்தப் பெண்ணுக்கு வேண்டியது பன்னிரண்டு மணிக்கு ஓடுகிற ஒரு கம்ப்யூட்டர். அது ஓடிக்கொண்டிருந்தது. குழந்தையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டால் போதும். இதைவிடத் தெளிவான யோசனையை என் அனுபவத்தில் எந்த எஞ்சினியரும் சொன்னதில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"புது மெஷினைப் பிரிச்சுப் போட்டுட்டுப் போனான்னு ஊரே பேசும்மா. என் பேரு என்னாகுறது? பத்து நிமிஷம் பொறு."

அவளுக்கு வேலை போகிறது, எனக்குப் பேர் போகிறது. இரண்டில் எனக்கு எது பெரிதாகத் தெரிந்தது பாருங்கள். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஓடுகிறதை நிறுத்தினேன். போர்டை மறுபடி பெட்டிக்குள் இறக்கி, ஒவ்வொரு ஸ்குரூவாக முடுக்கி, எல்லா ஒயரையும் மாட்டி, சுவிட்சைப் போட்டேன். நாலு நொடி.

வெளியே ஓடுகிறது, பெட்டிக்குள் போனால் நிற்கிறது. அப்படியானால் குற்றம் பெட்டியில். பெட்டியில் போர்டுக்குக் கால் முடுக்கியது யார்? துளசிராம். எனக்கு அப்பாடா என்று இருந்தது. கோளாறு கிடைத்ததற்காக இல்லை. பழி போட ஆள் கிடைத்ததற்காக. வாசலுக்குப் போய் போன் போட்டேன்.

"ஏன் துளசி, எத்தனை காலு முடுக்குன? கூட ஒரு காலு நின்னு இடிக்குது. இங்க ஒரு புள்ள வேலை போகப் போகுது, தெரியுமா?"

"எண்ணித்தான்ணே போட்டேன்" என்றார். பிறகு, "வேணும்னா நான் கிளம்பி வாரேன்" என்றார்.

"நீ வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போகும்" என்று வைத்துவிட்டேன்.

மறுபடி எல்லாவற்றையும் கழற்றினேன். கால்களை எண்ணினேன். சரியாக இருந்தன. இருந்தாலும் விடாமல் ஓரத்துக் கால் ஒன்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு, போர்டை மாட்டினேன். அவசரத்தில் ஒரு ஸ்குரூ உள்ளே விழுந்து, பெட்டியைக் கவிழ்த்து உலுக்க வேண்டி வந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. குழந்தை வீரிட்டு அழுதது. அங்கம்மாள் அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். முடுக்கி முடித்துச் சுவிட்சைப் போட்டபோது பதினொன்று நாற்பது.

நாலு நொடி.

அங்கம்மாள் நடப்பதை நிறுத்தினார். காளீஸ்வரி செல்போனை எடுத்துக் கம்பெனிக்கு ஏதோ எழுத ஆரம்பித்தாள். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்வது போல நடித்தாவது அந்த நேரத்தைக் கடத்தியிருப்பேன். மறுபடி அட்டையில் வைத்து ஓட்டலாம் என்றால், கழற்றி மாட்ட இருபது நிமிஷமாவது வேண்டும். நேரம் தாண்டிவிடும். என் பேரைக் காப்பாற்றப் போய் அவள் பிழைப்பைக் கெடுத்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவள் செல்போனை மேசையில் வைத்தாள். அதை அனுப்பவில்லை. பெட்டியின் மேலிருந்த பூ வாடிச் சரிந்து கிடந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு என்ன தோன்றியதோ, குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பெட்டியின் மேல் பக்கத்தை மட்டத்துக்கு மட்டம் பார்த்தாள். கோடு நேராக இருக்கிறதா என்று படம் வரைகிறவர்கள் பார்ப்பார்களே, அப்படி.

"அண்ணே, இந்த ரெண்டு பட்டனும் ஒரே மட்டத்துல இல்லையே" என்றாள். "சின்னது மேல நிக்கிது. பெருசு உள்ள போயிருக்கு. அமுக்குனது திரும்ப வெளிய வரணும்ல?"

நான் பார்த்தேன். ரீசெட் பட்டன் ஜம்மென்று மேலே நின்றது. பவர் பட்டன் நூல் அளவு அமுங்கிக் கிடந்தது. அதைச் சுற்றியிருந்த இடுக்கு முழுக்க என் சந்தனம் வழிந்து, காய்ந்து, சிமெண்டு பூசினது போல இறுகியிருந்தது.

பவர் பட்டனை நாலு நொடி விடாமல் அமுக்கிப் பிடித்தால் எந்த கம்ப்யூட்டரும் அணைந்துவிடும். முதல் நாளே உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற பாடம் அது. நானே பல பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். காலையிலிருந்து அந்தப் பட்டனை யாரும் அமுக்கிப் பிடிக்கவில்லை. என் பொட்டுதான் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. பெட்டியில் மாட்டும்போதெல்லாம் பட்டன் ஒயரையும் சேர்த்து மாட்டினேன், அதனால் நின்றது. அட்டையில் வைத்தபோது அந்த ஒயரே இல்லை, அதனால் ஓடியது. துளசிராமின் பித்தளைக் கால்கள் பாவம், செய்த குற்றம் ஒன்றுமில்லை.

நகத்தால் சுரண்டினேன். ஊக்கால் இடுக்கைக் கிளறினேன். டக்கென்று பட்டன் மேலே எழும்பியது. காளீஸ்வரி ஒரு தடவை அமுக்கினாள். நாலு நொடி. ஐந்து. பத்து. படம் வந்தது. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவள் பெயர் கம்பெனியின் திரையில் ஏறிவிட்டது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் வெறும் முட்டாளாக மட்டும் தப்பித்திருப்பேன்.

அங்கம்மாள் நிம்மதியாக மூச்சு விட்டுவிட்டு, "என்னண்ணே கோளாறு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"லூஸ் கனெக்‌ஷன்மா" என்றேன்.

எப்படி வந்தது அந்த வார்த்தை என்று தெரியவில்லை. யோசிக்கவே இல்லை, தானாக வந்தது. சொல்லிக்கொண்டே கட்டை விரலிலும் நகத்திலும் ஒட்டியிருந்த சந்தனப் பொடியைப் பேண்ட்டின் பின்பக்கம் துடைத்தேன். காளீஸ்வரி நாற்காலியில் உட்கார்ந்தபடி திரும்பி என் கையைப் பார்த்தாள். என் முகத்தையும் பார்த்தாள். பிறகு திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தேர்வு ஆரம்பித்துவிட்டது.

கடைக்குத் திரும்பினேன். துளசிராம் சாப்பிடப் போகாமல் உட்கார்ந்திருந்தார். "அந்தப் புள்ள எழுதிருச்சாண்ணே?" என்றுதான் முதலில் கேட்டார். எழுதிவிட்டாள் என்றேன். "எதுனாலண்ணே நின்னுச்சு?" என்றார்.

உண்மையைச் சொல்ல இன்னொரு நல்ல சந்தர்ப்பம். பக்கத்தில் முதலாளி நின்றார். சந்தனக் கிண்ணம் என் மேசையில் இருந்தது. "ஓரத்துக் காலு ஒண்ணு லேசா இடிச்சுச்சு துளசி. எடுத்துட்டேன். விடு, யாருக்கும் வர்றதுதான்" என்றேன். பெரிய மனசு பண்ணி மன்னித்தும் விட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாளிலிருந்து துளசிராம் ஒவ்வொரு மெஷினிலும் பித்தளைக் கால்களை இரண்டு தடவை எண்ண ஆரம்பித்தார். ஒரு தடவை மனசுக்குள், ஒரு தடவை வாய்விட்டு. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர் எண்ணுகிற சத்தம் என் மேசை வரைக்கும் கேட்கும். ஒரு வார்த்தை சொன்னால் அது நின்றுவிடும். நான் சொல்லவில்லை. பொட்டை மட்டும் சத்தமில்லாமல் பட்டனிலிருந்து பெட்டியின் நெற்றிக்கு மாற்றிவிட்டேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.

இரண்டு வருஷம் போனது. ஒரு நாள் காலையில் காளீஸ்வரி கடைக்கு வந்தாள். கூடவே அவள் ஊர்ப் பெண்கள் இரண்டு பேர். அதே கம்பெனியில் அவளுக்குக் கீழே படம் வரைய அவர்களையும் சேர்த்திருக்கிறாள். ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றாள். துளசிராம் உடனே வேலையை ஆரம்பித்துவிட்டார். அவர்கள் மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு மத்தியானம் வந்தபோது முதல் மெஷின் தயாராக இருந்தது. இரண்டாவதற்கு அப்போதுதான் பெட்டியைத் திறந்திருந்தார்.

முதலாளிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அண்ணே, உங்க கைராசியில போன மெஷினு, இன்னும் ரெண்டைக் கூட்டிக்கிட்டு வந்துருக்கு. வந்து பொட்டு வைங்க" என்றார். நான் கிண்ணத்தோடு எழுந்து போனேன். காளீஸ்வரி என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

"நான் வச்சுக்கிறேன்ணே. நீங்க வச்சா லூஸ் கனெக்‌ஷன் ஆயிரும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பெட்டியின் பக்கவாட்டில், எந்த ஓட்டையும் இடுக்கும் இல்லாத இடமாகப் பார்த்து, சின்னதாக ஒரு பொட்டு வைத்தாள்.

முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. துளசிராம் ஸ்குரூ டிரைவரோடு நிமிர்ந்தார். "என்னம்மா லூஸ் கனெக்‌ஷன்? அன்னைக்குக் காலு இடிச்சதுன்னுல்ல சொன்னாரு?"

காளீஸ்வரியின் சிரிப்பு நின்றுவிட்டது. நான் அவர்கள் வீட்டில் சொன்ன பொய் மட்டும்தான் அவளுக்குத் தெரியும். கடையில் வந்து சொன்ன பொய் தெரியாது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்கண்ணே" என்றாள்.

சொன்னேன். முதலாளி முன்னால், அந்த இரண்டு பெண்கள் முன்னால், டீ கொண்டுவந்தவர் முன்னால். பொட்டை அமுக்கி வைத்தது, அட்டையில் ஓடியதை நிறுத்தியது, வாசலில் நின்று போனில் கத்தியது, பேண்ட்டில் கையைத் துடைத்தது, எல்லாவற்றையும். முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டீ கொண்டுவந்தவரும் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். துளசிராம் சிரிக்கவில்லை.

"ரெண்டு வருஷம்ணே" என்றார். "எனக்குக் கண்ணுதான் மங்கிருச்சோன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"தப்புதான் துளசி" என்றேன். முதலாளியின் சிரிப்பும் அடங்கிவிட்டது.

துளசிராம் இரண்டாவது பெட்டியின் பக்கம் திரும்பினார். பித்தளைக் கால்களை முடுக்கினார். ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்து, வாய் திறக்காமல் எண்ணினார். வாய்விட்டு எண்ணுகிற இரண்டாவது எண்ணிக்கைக்காக நான் காத்துக்கொண்டு நின்றேன். அவர் போர்டை எடுத்து உள்ளே இறக்கிவிட்டார்.